நாய்க்கும் பூனைக்கும் உண்ணி, தெள்ளு: அறிகுறியைப் பார்த்து வழி தேடுவது எப்படி?

மணி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கோடையில், ஆறு வாரத்துக்குள் ஐந்து வைத்தியம் பார்த்துவிட்டேன். முதலில் ஷாம்பு, அப்புறம் பவுடர், அப்புறம் கழுத்துப்பட்டை, அதற்கும் அப்புறம் முதுகில் விடும் சொட்டு மருந்து, கடைசியாக மாத்திரை. ஒவ்வொன்றையும் நாலு நாள் பார்ப்பேன். ஐந்தாம் நாள் காதுக்குள் ஓர் உண்ணி தெரியும். "இது வேலைக்காகாது" என்று அடுத்ததற்குப் போய்விடுவேன். மருந்துக்கு மேல் மருந்து போட்டும் நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போனது அதன் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை. கடைசியில் கால்நடை மருத்துவர் மணியைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "நாய் எங்கே படுக்கும்?" மாடிப்படிக்குக் கீழே. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், படிக்கும் சுவருக்கும் நடுவே சிமென்ட் விட்டுப்போன இடுக்கு முழுக்க உண்ணி.

கீழே இருப்பவற்றில் உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. நாயின் ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போகிறது, மூக்கில் இரத்தம் வருகிறது, பூனை நடுங்குகிறது, குட்டி துவண்டு கிடக்கிறது. இதில் எது இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். மிச்சத்தை அங்கே காத்திருக்கும்போது படிக்கலாம்.

முதலில், கடிப்பது எது?

மருந்துக் கடையில் போய் "பூச்சிக்கு மருந்து" என்று கேட்டால் குடற்புழு மாத்திரைகூடக் கைக்கு வரும். உண்ணி வேறு, தெள்ளு வேறு, பேன் வேறு.

உண்ணி தோலில் வாயைப் பதித்து ஒரே இடத்தில் இருக்கும். பசியோடு இருக்கும்போது எள் அளவு, தட்டை, பழுப்பு நிறம். குடித்து உப்பிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு முத்து மாதிரி இருக்கும். (ஆமணக்கின் அறிவியல் பெயரில் உள்ள ரிசினஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே உண்ணி என்றுதான் பொருள். அந்த ஊர்க்காரர்களுக்கும் அதே ஒப்புமைதான் தோன்றியிருக்கிறது.) காது மடலுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில், அக்குளில், வாலுக்குக் கீழே தேடுங்கள்.

தெள்ளு அப்படி உட்கார்ந்து போஸ் கொடுக்காது. பக்கவாட்டில் தட்டையான, செம்பழுப்பான, இரண்டு மில்லிமீட்டர் உருவம். முடியை விலக்கிய நொடியில் ஓடிவிடும், இல்லை குதித்துவிடும். அதனால் தெள்ளைத் தேடாமல் அதன் எச்சத்தைத் தேடுங்கள். வெள்ளைத் துணியையோ டிஷ்யூ காகிதத்தையோ நனைத்து விரித்து, அதன்மேல் நாயை நிறுத்தி, வால் தொடங்கும் இடத்து முடியை எதிர்த்திசையில் தேயுங்கள். மிளகுத்தூள் மாதிரி உதிரும். ஓரிரு நிமிடத்தில் அந்தக் கறுப்புப் புள்ளியைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம். எங்கள் சிவகங்கைப் பக்கத்துச் செம்மண்ணும் நனைந்தால் சிவப்புதான். ஆனால் அது காய்ந்திருக்கும்போதே சிவப்பாக இருக்கும், தெள்ளின் எச்சம் காய்ந்தால் கறுப்பு.

பேன் மெதுவாக ஊரும், குதிக்காது. அதன் ஈர் முடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளின் முட்டை அப்படி ஒட்டாது, உதிர்ந்து தரையில் விழும். பின்னால் வரப்போகும் தொல்லைக்கெல்லாம் காரணம் இந்த உதிர்வதுதான்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். வயிற்றுப் பக்கம் "பிடுங்கவே வராத உண்ணி" ஒன்று இருந்தால் இழுக்காதீர்கள். அது முலைக்காம்பாக இருக்கும். ஆண் நாய்க்கும் உண்டு. பிடுங்கப் பார்த்து நாய் கத்தி, கடித்து, தையல் வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். கால்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கால் இல்லையென்றால் அது உண்ணி இல்லை.

சொறிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பூச்சி எதுவும் தெரியவில்லை

எங்கே சொறிகிறது என்று கவனியுங்கள். வாலுக்கு மேலும் பின்னந்தொடையிலும் கடித்துக் கடித்து முடி கொட்டியிருந்தால் தெள்ளு என்றே வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் படாவிட்டாலும். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு நாலைந்து கடியே போதும், வாரக்கணக்கில் அரிக்கும். வீட்டில் இருக்கும் சாதாரணப் பேன் சீப்பால் தினமும் ஐந்து நிமிடம் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். நாலு நாளில் ஏதாவது மாட்டும்.

பூனை இன்னும் கெட்டிக்காரப் பிராணி. நாக்காலேயே எல்லாத் தடயத்தையும் துடைத்துவிடும். முதுகிலும் கழுத்திலும் கையால் தடவிப் பார்த்தால் தோலில் ரவை தூவினாற்போல் சிறு பொருக்குகள் தட்டுப்படும். அல்லது வயிற்றிலும் தொடையிலும் நக்கி நக்கி முடியே இல்லாமல் வழுவழுப்பாகியிருக்கும். இரண்டுக்கும் முதல் சந்தேகம் தெள்ளு. வீட்டில் நாயும் பூனையும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில், அதனதன் மருந்தைப் போடவேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அது மற்றதற்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி போய், நாய் இராத்திரியெல்லாம் தூங்காமல் சொறிந்து, வீட்டு ஆட்களுக்கும் அரித்தால் அது சொறிப் பூச்சி. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துதான் உறுதி செய்ய முடியும். பாதத்தையும் முகத்தையும் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் உணவு ஒவ்வாமை, பூஞ்சை என்று வேறு கதை. எதற்கும் அரிப்பு நிற்க ஓர் ஊசி போட்டால் போதும் என்று மட்டும் போய்விடாதீர்கள். ஊசி அரிப்பை அமுக்கும், பூச்சி அங்கேயேதான் இருக்கும்.

மருந்து கொடுத்தும் உண்ணி தெரிகிறது

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. இதற்குப் பதில் அந்த உண்ணியின் உருவத்தில் இருக்கிறது. அதை எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் போட்டுப் பாருங்கள்.

மாத்திரையாகக் கொடுக்கும் அஃபாக்சொலானர், ஃப்ளூராலானர், சரோலானர் எல்லாம் இரத்தத்தில்தான் இருக்கும். உண்ணி நாயின் மேல் ஏறுவதை அவை தடுக்காது. ஏறி, கடித்து, குடித்த பிறகுதான் அது சாகும். அதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதனால் மாத்திரை கொடுத்த வீட்டிலும் நாய்மேல் உண்ணி தெரியும். தட்டில் இருப்பது தட்டையாக, மந்தமாக, அல்லது காய்ந்து சருகாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் ஆமணக்கு முத்து அளவுக்கு உப்பி, காலை ஆட்டிக்கொண்டிருக்கிற உண்ணிகள் கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது கேட்டுக்கொள்ள வேண்டியவை: கொடுத்த அன்று வாந்தி எடுத்ததா? நாயின் எடையை உண்மையிலேயே எடைபோட்டுத்தான் மாத்திரை வாங்கினீர்களா, இல்லை "பதினைந்து கிலோ இருக்கும்" என்று கடையில் குத்துமதிப்பாகச் சொன்னீர்களா? அஃபாக்சொலானரும் சரோலானரும் மாதம் ஒருமுறை. ஃப்ளூராலானர் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்தத் தேதிகள் குழம்புவது மிகச் சாதாரணம். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதும் தினசரிக் காலண்டரிலேயே மணியின் மாத்திரையும் ஏறிவிட்டது.

வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் இந்த மாத்திரைகளுக்கு முன் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது.

சொட்டு மருந்து வேலை செய்யாமல் போவதற்கு முக்கால்வாசி நாம்தான் காரணம். ஃபிப்ரோனில் போன்றவை தோலின் எண்ணெயில் கலந்துதான் உடல் முழுக்கப் பரவும். காலையில் ஷாம்பு போட்டுப் பளபளவென்று குளிப்பாட்டி, மாலையில் சொட்டு விட்டால் பரவுவதற்கு எண்ணெய் ஏது? விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் விட்ட பிறகு இரண்டு நாளும் குளியல் கூடாது. முடிமேல் விடாமல், தோள்பட்டைக்கு நடுவே முடியை வகிடு பிரித்துத் தோலில் விடவேண்டும், நாக்கு எட்டாத இடத்தில். பெரிய நாய்க்கான ஒரு குழாயை வாங்கி இரண்டு குட்டை நாய்களுக்குப் பங்கு போடும் சிக்கனம் வேண்டாம்.

ஷாம்புவும் பவுடரும் அன்றைக்கு உடம்பில் இருப்பதைக் கொல்லும், அவ்வளவுதான். நாளைக்கு ஏறுவதை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் கலந்து ஊற்றும் அமிட்ராஸ் மலிவு, நன்றாகவே கேட்கும். ஆனால் அளவு தப்பினால் நாய் தள்ளாடி, எச்சில் வழிய, எழுப்ப முடியாமல் தூங்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில், காயம் இல்லாத தோலில், காயும் வரை நக்கவிடாமல் போடவேண்டும். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு அது ஆகாது, பூனை எதற்குமே ஆகாது. ஐவர்மெக்டின் ஊசியை உண்ணிக்கென்று போட்டுக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது சொறிப் பூச்சிக்கு நல்ல மருந்து, உண்ணிக்கு நம்பத்தக்கது அல்ல. கோலி (Collie) போன்ற ஆட்டு மந்தை காக்கும் இன நாய்களில் பலவற்றுக்கு அது மூளைக்குள் நுழைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு மாதம் நிம்மதி, மறுபடி அதே கதை. இப்போது சுவரிலும் ஏறுகிறது

இங்கேதான் அந்த மருத்துவரின் கேள்வி வருகிறது. நம் வீட்டு நாய்களில் அதிகம் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. மற்ற பல உண்ணிகளுக்குப் புல்லும் புதரும் வேண்டும். இதற்கு வேண்டாம். ஒரு நாயும் நாலு சுவரும் இருந்தால் இதன் பிழைப்பு ஓடிவிடும்.

முட்டையிலிருந்து ஆறு காலோடு ஒரு புள்ளி வரும். அது நாய்மேல் ஏறிச் சில நாள் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, இடுக்கில் போய்த் தோல் உரித்து எட்டுக் காலோடு வரும். மறுபடி நாய், மறுபடி விழுதல், மறுபடி தோல் உரித்தல். வளர்ந்த உண்ணியாக மூன்றாம் முறை ஏறி, பெண் உண்ணி ஒன்றிரண்டு வாரம் குடித்து, உப்பி, விழுந்து, இடுக்கில் முட்டையிட்டுச் சாகும். ஒன்று 4000 முட்டைகூட இடும். ஆக, நாய்மேல் இருப்பது இதன் வாழ்நாளில் கொஞ்ச காலம்தான். பெரும்பகுதி நம் வீட்டுச் சுவரில்தான் கழிகிறது. நம் ஊர் வெயிலுக்கு முட்டையிலிருந்து முட்டை வரை ஏறத்தாழ இரண்டு மாதம். குடிக்க எதுவும் கிடைக்காவிட்டால் வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேல்கூடக் காத்திருக்கும். "நாயை ஊருக்கு அனுப்பிவிட்டு ஒரு மாதம் வீட்டைப் பூட்டி வைத்தால் போய்விடும்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வாருங்கள்.

இதற்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு. அதனால் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுபவர்கள் தோற்றுப்போகிறார்கள். இராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு நாய் படுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். சுவரும் தரையும் சேரும் இடம், கதவு நிலைக்குப் பின்னால், சுவிட்ச் பெட்டி ஓரம், காலண்டருக்கும் சாமி படத்துக்கும் பின்பக்கம், திரைச்சீலை மடிப்பு, கயிற்றுக் கட்டிலின் முடிச்சு, பிரம்பு நாற்காலி, ஏசி குழாய் போகும் ஓட்டை, ஓட்டு வீடாக இருந்தால் சட்டம் சேரும் மூலை. கண்டதை ஒட்டும் டேப்பால் எடுத்து மடித்துவிடுங்கள், அல்லது சோப்புத் தண்ணீர், ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போடுங்கள். செருப்பாலோ நகத்தாலோ நசுக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் இரத்தத்தில் நோய்க்கிருமி இருக்கலாம், கையில் சிறு கீறல் இருந்தால் நமக்குத்தான் வம்பு.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். நான் செய்த வரிசையைச் சொல்கிறேன். மணி படுத்திருந்த கோணிச் சாக்கை முதலில் எரித்தேன். சாக்கின் நெசவு இடுக்கு உண்ணிக்கு அரண்மனை. அதற்குப் பதில் இரண்டு பழைய பருத்திச் சேலைகளை மடித்துப் போட்டேன். ஒன்று படுக்கையில், ஒன்று துவைத்துக் கொதிநீரில் முக்கி மொட்டை மாடி வெயிலில். வாரம் ஒருமுறை மாற்றல். படிக்கட்டு இடுக்கை வெள்ளை சிமென்டால் பூசினேன். செலவு நூறு ரூபாய்க்குள், பலன் அந்த ஐந்து வைத்தியத்தையும் சேர்த்ததைவிட அதிகம். அதற்கு அப்புறம்தான் பூச்சி ஒழிப்பு ஆட்களை அழைத்துச் சுவரின் கீழ்ப்பாதி, நிலை, மூலைகளில் மருந்து அடிக்கச் சொன்னேன். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைகள்தான் வழக்கம். இவை மீனுக்கும் பூனைக்கும் கடும் விஷம். மீன் தொட்டியை வெளியேற்றி, பூனையை முழுக்கக் காயும் வரை வேறிடத்தில் வையுங்கள். முட்டைக்குள் மருந்து போகாது, ஆகவே இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை அடிக்கவேண்டும். முதல் தடவையோடு நிறுத்தியவர்கள்தான் "எல்லாம் செய்து பார்த்தாயிற்று" என்று சொல்பவர்கள்.

இவ்வளவும் நடக்கும்போது நாய்க்கு மாத்திரையோ சொட்டு மருந்தோ தேதி தவறாமல் தொடரவேண்டும், குறைந்தது மூன்று மாதம். சுவரில் மிச்சமிருப்பது பசியில் நாய்மேல் ஏறும், ஏறியது சாகும். எங்கள் வீட்டில் பதினோராவது வாரம்தான் டார்ச்சில் எதுவும் தெரியாத முதல் இரவு வந்தது. குளிர் வந்து உண்ணியை அடக்க இது ஊட்டி இல்லை. வருடம் முழுக்க மருந்தைத் தொடருவதுதான் நல்லது, வெயிலிலும் மழைக்குப் பிந்தைய புழுக்கத்திலும் கூடுதல் கவனத்தோடு. கேட்டுக்கு வெளியே படுக்கும் தெருநாய்க்கும் சேர்த்து ஒரு மாத்திரை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அது தர்மம் மட்டும் இல்லை, உங்கள் வீட்டுக்கு வேலி.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் நாயைக் குளிப்பாட்டுவதில் தீங்கு ஒன்றும் இல்லை, அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். கற்பூரம், அந்துருண்டை, பூண்டு, புகையிலைத் தண்ணீர், மண்ணெண்ணெய் இவை எல்லாமே உண்ணிக்கு முன்னால் நாயைப் படுக்கவைக்கும். பழைய ஆட்கள் தூவிய காமாக்சின் பவுடரும் வயலுக்கு அடிக்கும் மருந்தும் பேச்சுக்கே இடமில்லை. மாட்டுக்காவது உண்ணிக்கொக்கு வந்து பொறுக்கித் தின்னும். நாய்க்கு அப்படி ஒரு பறவை வாய்க்கவில்லை.

பூட்டியிருந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் சரமாரியாகக் கடி

இது தெள்ளு. விடுமுறைக்குப் போய் வந்த பலருக்கும் நடப்பது. "நாயே இல்லாத வீட்டில் எப்படி?" என்று திகைப்பார்கள். தெள்ளுக் கூட்டத்தில் நாய்மேல் இருக்கும் வளர்ந்தவை நூற்றுக்கு ஐந்துதான் என்பது பொதுவான கணக்கு. மிச்சம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையில் இருக்கும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டை இடும். அவை உதிர்ந்து நாய் போகும் இடமெல்லாம் கொட்டும். கூட்டுப்புழு தன்னைச் சுற்றி ஒட்டும் கூடு கட்டித் தூசியை அப்பிக்கொள்ளும். அதற்குள் எந்த மருந்தும் போகாது. யாரும் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக் காற்றும் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

எனவே மருந்து அடித்த மறுவாரமும் புதுத் தெள்ளு வருவது தோல்வி இல்லை. கூட்டில் இருந்தவை வரிசையாக வெளியேறுகின்றன, அவ்வளவுதான். மொசைக், டைல்ஸ் தரையில் தெள்ளுப் புழு அதிகம் பிழைக்காது. அது வெளிச்சத்துக்குப் பயந்து, ஈரப்பதம் உள்ள இடம் தேடி ஒளியும். சோபாவின் அடிப்பகுதி, தேங்காய் நார் மிதியடி, கார் நிற்கும் இடத்து மண், வெளிப் படிக்கட்டின் கீழ் நிழல் இவற்றைப் பாருங்கள். தினமும் பெருக்கித் துடைத்து, குப்பையை வீட்டுக்குள் வைக்காமல் வெளியேற்றி, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மருந்து கொடுத்த நாயை வீடு முழுக்க வழக்கம்போல் நடமாட விடுங்கள். புதிதாகப் பிறப்பவை அதன்மேல் ஏறித்தான் சாகவேண்டும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

பரண் பக்கம் எலி செத்த நாற்றம் அடித்த ஓரிரு நாளில் கடி தொடங்கினால் அது எலித் தெள்ளாக இருக்கும். உடல் குளிர்ந்ததும் அவை இறங்கி வேறு இரை தேடும். எலியைக் கையால் தொடாமல் அப்புறப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது.

உண்ணியைப் பிடுங்கிய இடத்தில் கொப்புளம்

கூர் முனை உள்ள இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வயிற்றை நசுக்காமல் தலைப்பக்கம் பிடித்து, ஒரே சீராக மேலே இழுக்கவேண்டும். ஊதுபத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது, தேங்காய் எண்ணெய் ஊற்றி மூச்சுமுட்ட வைப்பது எதுவும் வேண்டாம். அது கலவரப்பட்டால் வாந்தி எடுப்பது நாயின் இரத்தத்துக்குள்தான். எடுத்த பிறகு சிறு கடலை அளவுக்கு ஒரு தடிப்பு ஒன்றிரண்டு வாரம் இருப்பது சகஜம். கறுப்பாக வாய்ப்பகுதி உள்ளேயே நின்றுவிட்டால் ஊசி வைத்துக் குடையாதீர்கள். முள் மாதிரி அதுவே வெளியே வந்துவிடும். சீழ் வைத்தாலோ வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாலுக்குக் கீழே அரிசி மணி மாதிரி ஒட்டியிருக்கிறது

நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை நக்கி விழுங்கும்போது உள்ளே போனது. பிரசிகுவான்டெல் உள்ள குடற்புழு மாத்திரைக்குப் போய்விடும். தெள்ளு இருக்கும் வரை திரும்பத் திரும்ப வரும்.

பூனை நடுங்குகிறது, எச்சில் வடிகிறது

அன்று காலை நாய்க்கான மருந்தை அதற்குப் போட்டீர்களா? அல்லது மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்ததா? நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளிலும் பவுடர்களிலும் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சமாளிக்கும், பூனையால் முடியாது. காது துடிப்பதில் தொடங்கி, தசை நடுக்கம், வலிப்பு, சாவு வரை சில மணி நேரத்தில் போகும். நினைவோடு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து மருந்து பட்ட இடத்தை உடனே கழுவி, துடைத்து, துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பெட்டி முக்கியம், என்ன மருந்து என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

வாங்கும்போது அட்டையில் பூனை படம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். டெட்டால், ஃபினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்குவதுகூடப் பூனைக்கு ஆகாது.

குட்டி துவண்டு கிடக்கிறது

பிறந்து சில வாரமே ஆன குட்டியின் உடம்பில் இரத்தமே கொஞ்சம்தான். ஐம்பது தெள்ளும் பத்து உண்ணியும் சேர்ந்து உறிஞ்சினால் ஈறு வெள்ளைத்தாள் ஆகிவிடும். வீட்டில் செய்யக்கூடியது, கையால் உண்ணியை எடுத்து, பேன் சீப்பால் வாரி, உடம்பைச் சூடாக வைத்திருப்பது. மாத்திரைகளில் பல எட்டு வாரத்துக்குக் கீழே கொடுக்கக்கூடாதவை, எடை வரம்பும் உண்டு. மிகச் சிறு குட்டிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லவேண்டும். அதோடு தாய்க்கும் படுக்கைக்கும் வைத்தியம் செய்தால்தான் குட்டி பிழைக்கும்.

உண்ணி எல்லாம் போய்விட்டது, ஆனால் நாய் சாப்பிடவில்லை

இதைத்தான் பலரும் உண்ணியோடு முடிச்சுப் போடுவதில்லை. கடித்த உண்ணி வழியே உள்ளே போன எர்லிச்சியா என்ற கிருமி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் உண்ணியை நாம் மறந்தே போயிருப்போம். நாய் மூலையில் படுத்துக்கொள்ளும், தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும், காய்ச்சல் வரும். மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது சரிவராது. ஆசனவாய் வழியே தெர்மாமீட்டர் வைத்தால் 102.5 ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. அதற்கு மேல் காய்ச்சல். இரத்தத் தட்டணுக்கள் குறைவதால் வயிற்றுத் தோலிலும் ஈறிலும் சிவந்த புள்ளிகள், மூக்கில் இரத்தம் எல்லாம் பின்னால் வரும். இன்னொரு நோய் பபீசியா. அது சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் டிகாஷன் நிறமாகும், கண் மஞ்சளாகும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அமுக்கி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். தாமதமானால் அன்றே கிளம்புங்கள். காதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூசிப் பார்ப்பார்கள், தட்டணு எண்ணிக்கை பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பிசிஆர். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவை எல்லாம் உண்டு. எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்கிளின் வழக்கமாக நாலு வாரம் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவிடும். அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும், நிறுத்தக்கூடாது. வெறும் வயிற்றிலோ தண்ணீர் இல்லாமலோ கொடுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும், சாப்பாட்டோடு கொடுங்கள்.

வீட்டில் மனிதர்களுக்கும் கடித்துவிட்டது

பழுப்பு நாய் உண்ணிக்கு நாம் இரண்டாம்பட்சம்தான், ஆனாலும் கடிக்கும். நாய்க்குச் சொன்ன மாதிரியே இடுக்கியால் எடுத்து, சோப்பால் கழுவி, தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த உண்ணி பரப்பக்கூடிய ஒரு டைஃபஸ் காய்ச்சல் இந்தியாவில் உண்டு.

நாளிதழ்களில் மழைக்காலம்தோறும் வரும் "உண்ணிக் காய்ச்சல்" பெரும்பாலும் இது இல்லை. அது ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம் பருவம் கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும், அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடங்களில். வீட்டு நாயின் உண்ணி அதைப் பரப்பாது. செய்தியைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்தார் நாயைத் துரத்தச் சொன்னால் இதைச் சொல்லலாம்.

இரண்டில் எது கடித்திருந்தாலும், இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே "வீட்டில் நாய் இருக்கிறது, இன்ன தேதியில் உண்ணி கடித்தது" என்று சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் டெங்கு, டைபாய்டு பரிசோதனைகளிலேயே நாலைந்து நாள் ஓடிவிடும்.